ரோல்பேக் புராணம்

மனிதன் முதன்முதலாக எழுதியது காதல் கவிதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதியது பாக்கிக் கணக்கு. ஐயாயிரம் வருடங்களுக்கு முன்னால், சுமேரியாவின் உருக் நகரத்தில் கோயில் குமாஸ்தா ஒருவன் ஈரக் களிமண்ணை உள்ளங்கையில் தட்டி, நாணல் குச்சியால் இவ்வளவு வாற்கோதுமை, இத்தனை ஆடு என்று கீறினான். மண் ஈரமாக இருக்கும்வரை கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, எழுதியது எழுதாததாகிவிடும். காய்ந்துவிட்டால் ராஜாவே வந்து கேட்டாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. முன்னதற்கு ரோல்பேக், பின்னதற்கு கமிட் என்று பெயர் வைக்க நாம்தான் இருபதாம் நூற்றாண்டு வரை ஆறப்போட்டோம்.

இது என் சொந்தச் சரடு அல்ல. ஜிம் கிரே, ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இரண்டு பெரிய மனிதர்கள் 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் போட்டார்கள். டிரான்சாக்ஷன் துறைக்கு அதுதான் வேதம். தலைமாட்டில் வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் கனம். எழுத்து என்பதே டிரான்சாக்ஷன் பதிவுக்காகச் சுமேரியர் கண்டுபிடித்ததுதான் என்று அவர்களும் அடித்துச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் குமாஸ்தாவுக்கு இல்லாத ஒரு தலைவலி நமக்கு உண்டு. கணக்கில் தப்பு வந்தால் அவன் தேய்த்து அழிப்பான். அழித்த கையோடு மேலதிகாரியிடம் ஓடி, “சாமி, ஆட்டுக் கணக்கு உதைக்கிறது” என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. கம்ப்யூட்டர்காரர்கள் செய்த காரியம், கணக்கை அழிக்கும்போது அந்த வாயையும் சேர்த்து அழித்தது. அப்புறம் வாயைத் திரும்ப ஒட்டவைக்கக் கமிட்டி போட்டார்கள், விவரக்குறிப்பு எழுதினார்கள், எக்ஸ்எம்எல்லில் உழன்றார்கள், ஒட்டியதும் அது கண்டபடி உளறுகிறதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1953-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போன விமானம் ஒன்றில் இரண்டு ஸ்மித்கள் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித். மற்றவர் ஐபிஎம்மில் விற்பனைப் பிரிவு ஆசாமி ஆர். பிளேர் ஸ்மித். ஜன்னல் வழியாகக் குதித்து ஓட முடியாத இடத்தில் சேல்ஸ்மேனிடம் ஒரு தலைவர் மாட்டினால் என்ன ஆகும்? சேபர் என்ற முன்பதிவு அமைப்பு ஆனது. நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனரில் இரண்டு ஐபிஎம் 7090 எந்திரங்களைக் குடிவைத்தார்கள். 1964 வாக்கில் அந்த விமானக் கம்பெனியின் முன்பதிவு மொத்தமும் அதன் தலையில். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்காதே என்பதே அதன் தலையாய கட்டளை. பிற்காலத்தில் விமானக் கம்பெனிகள் அதைத் தெரிந்தே செய்ய ஆரம்பித்தது வேறு விஷயம்.

அடுத்து நிலா. அப்பல்லோ விண்கலத்துக்கு லட்சக்கணக்கில் உதிரிப் பாகங்கள். அந்தப் பட்டியலைக் கட்டி மேய்க்க ஐபிஎம் ஐஎம்எஸ் என்ற ஒன்றை எழுதியது. 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டவுனியில், ராக்வெல் கம்பெனியில், ஒரு முனையத்தில் ‘ஐஎம்எஸ் ரெடி’ என்று எழுத்து விழுந்தது. ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால்வைக்க இன்னும் பதினோரு மாதம் பாக்கி. ஆம்ஸ்ட்ராங் வீடு திரும்பிவிட்டார். ஐஎம்எஸ் இன்னும் பல வங்கிகளின் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனிதான் வில்லன் வருகிறான். பார்க்க ரொம்ப யோக்கியனாக இருப்பான்.

1981-இல் பிரான்சின் கான் நகரத்தில் நடந்த மாநாட்டுக்கு ஜிம் கிரே ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர் டாண்டம் கம்ப்யூட்டர்ஸில் இருந்தார். டிரான்சாக்ஷன் என்பது ஒப்பந்தம் என்று விளக்க வந்தவர், கிறிஸ்தவக் கல்யாணத்தை உதாரணம் காட்டினார். பாதிரியார் முதலில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். அப்புறம் மாப்பிள்ளையிடம் சம்மதமா, பெண்ணிடம் சம்மதமா. இரண்டு பேரும் ஆமென்றால் கல்யாணம். ஒருவர் எச்சில் விழுங்கினாலும் கேக் உட்பட எல்லாம் ரத்து. அரைக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது. இரண்டு வருடம் கழித்து ஜெர்மனியிலிருந்து தியோ ஹேர்டரும் மேற்படி ராய்ட்டரும் இந்த ஒழுக்கத்தை நான்கு குணங்களாகப் பிரித்து, முதலெழுத்துகளைக் கோத்து, ‘ஆசிட்’ என்று பெயரிட்டார்கள். முதல் குணம் அணுத்தன்மை. நடந்தால் முழுசாக நடக்க வேண்டும். இல்லையென்றால் நடக்கவே இல்லை.

கடைசி இரண்டு சொற்களை மறுபடி படியுங்கள். நடக்கவே இல்லை. சரி, நடக்கவே இல்லாத ஒன்று நடக்காமல் போனது என்று யார் எழுதிவைப்பது?

வங்கி நிரல் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். டிரான்சாக்ஷன் தொடங்குகிறது. ஒரு கணக்கில் 50,000 ரூபாய் கழிகிறது. இன்னொரு கணக்கில் ஏற்றும்போது, அந்தக் கணக்கு முடக்கப்பட்டது என்று தெரிகிறது. நிரல் எழுதியவர் பொறுப்பானவர். ‘முடங்கிய கணக்குக்குப் பணம் அனுப்ப முயற்சி’ என்று அலெர்ட் அட்டவணையில் ஒரு வரி சேர்க்கிறார். பிறகு முறைப்படி எக்ஸெப்ஷன் எறிகிறார். டேட்டாபேஸ் முறைப்படி ரோல்பேக் செய்கிறது. 50,000 ரூபாய் பத்திரமாகத் திரும்பிவிட்டது. அலெர்ட் வரியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் ஆடிட்டர் வந்து அட்டவணையைத் திறந்தால் துடைத்துவைத்தது போல் இருக்கிறது. ஒரு வருடத்தில் ஒரு தப்பும் நடக்கவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகிறார். எல்லாம் நல்லபடியாக நடந்த நாளின் அலெர்ட்டுகள் மட்டும் உயிர்பிழைக்கும். அந்த நாளில் அலெர்ட் எதற்கு என்று கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம்.

இது பெரியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதே 1981-இல் எம்ஐடியில் எலியட் மாஸ் என்பவர் தன் ஆய்வேட்டில் கூட்டுக்குள் கூடாக டிரான்சாக்ஷன் வைத்தார். பெரியதற்குள் சின்னது, சின்னது தோற்றால் பெரியது பிழைத்துக்கொள்ளலாம். அருமை. ஆனால் பெரியது தோற்றால், ஜெயித்த சின்னதும் சேர்ந்து காலி. நமக்கு வேண்டியதோ நேர்மாறு. அப்பா திவாலானாலும் பிள்ளை தனியாக நின்று ஊருக்குச் சொல்ல வேண்டும். மாஸ் கட்டியது அவிபக்த குடும்பம். நமக்குத் தேவை தனிக்குடித்தனம்.

தனிக்குடித்தனத்துக்கு ஆரக்கிள் வழிசெய்தது. 1999-இல் வந்த ஆரக்கிள் 8ஐ பதிப்பில், பிஎல் எஸ்க்யூஎல் நிரலின் தலையில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அந்தச் செயல்முறை தன்னாட்சி பெற்ற டிரான்சாக்ஷனாகிவிடும். அழைத்தவன் ரோல்பேக் ஆனாலும் இது எழுதியது எழுதியதே. பிழைப் பதிவுக்கென்றே செய்த சாமான். நம் ஆட்கள் அதைப் பிழைப் பதிவுக்கு மட்டுமா வைத்திருப்பார்கள்? டிரிகர் ஒன்று, தான் உட்கார்ந்திருக்கும் அட்டவணையையே படிக்கப்போனால் ஆரக்கிள் முறைத்துக்கொண்டு ஒரு பிழை எறியும். அந்த முறைப்பிலிருந்து தப்பிக்க இந்த வரியைப் போட்டார்கள். பிழை போய்விட்டது. பதிலுக்கு, பாதி எழுதிய டேட்டா தெரியாமல் பழைய டேட்டாவை வைத்துக் கணக்குப் போட்டு, நிதானமாகத் தப்பான விடை வந்தது. பிழைச் செய்தியைக் காணோம் என்றதும் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

ஜாவாவுக்கு வருவோம். 1998-இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஜிம் கிரேக்கு டூரிங் விருது அறிவித்தார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் (சுருக்கமாக ஈஜேபி) 1.0 விவரக்குறிப்பை வெளியிட்டது. முன்னது டிரான்சாக்ஷனை ஒழுங்குபடுத்தியதற்குப் பரிசு. பின்னது ஒழுங்குபடுத்தியதற்குத் தண்டனை.

ஈஜேபியின் வாக்குறுதி இதுதான்: டிரான்சாக்ஷனைப் பற்றிப் புரோகிராமர் கவலையேபட வேண்டாம், நிரலைத் தாங்கி ஓட்டும் கன்டெய்னர் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு செயல்முறைக்கும் ஆறு குணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ரிக்வயர்டு: இருந்தால் சேர்ந்துகொள்வேன், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்குவேன். சப்போர்ட்ஸ்: இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எனக்கொன்றும் இல்லை. மேண்டட்டரி: கையில் டிரான்சாக்ஷன் இல்லாமல் வாசல்படி மிதிக்காதே. நெவர்: கையில் வைத்துக்கொண்டு மிதிக்காதே. நாட் சப்போர்ட்டட்: வெளியே கழற்றி வைத்துவிட்டு வா. கடைசியாக நம் கதாநாயகன் ரிக்வயர்ஸ் நியூ: நீ என்ன வைத்திருந்தாலும் எனக்கு அக்கறையில்லை, எனக்குத் தனியாக ஒன்று.

அலெர்ட்டுக்கு வாய் கிடைத்துவிட்டது. விலை? ‘டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்ற இரண்டு சொல்லைத் தனி டிரான்சாக்ஷனில் எழுத, ஒரு ஹோம் இன்டர்ஃபேஸ், ஒரு ரிமோட் இன்டர்ஃபேஸ், ஒரு பீன் கிளாஸ், ஒரு எக்ஸ்எம்எல் டிஸ்கிரிப்டர், சர்வர் விற்ற கம்பெனிக்காக அவர்கள் வீட்டு எக்ஸ்எம்எல் இன்னொன்று. இந்த ஐந்தையும் அடுக்கி முடிக்கும்போது டிஸ்க் நிஜமாகவே நிரம்பியிருக்கும்.

அதோடு போகவில்லை. ரிக்வயர்ஸ் நியூ அழைத்ததும் கன்டெய்னர் பழைய டிரான்சாக்ஷனை ‘சஸ்பெண்ட்’ செய்யும். ஜாவாவின் டிரான்சாக்ஷன் ஏற்பாடான ஜேடிஏவில் அந்தச் செயலின் பெயரே அதுதான். நம் ஊரில் சஸ்பெண்ட் ஆன அரசு ஊழியருக்குப் பாதிச் சம்பளம். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இங்கே சஸ்பெண்ட் ஆன டிரான்சாக்ஷன் முழுச் சம்பளத்தோடு, பீரோ சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பிடித்த பூட்டு எதையும் விடாது. எடுத்த டேட்டாபேஸ் இணைப்பையும் திருப்பித் தராது.

இதன் விளைவைப் பாருங்கள். இணைப்புக் குளத்தில் பத்து இணைப்பு. பத்து த்ரெட் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வேலை தொடங்குகின்றன. பத்துக்கும் ஒரே நேரத்தில் அலெர்ட் எழுத வேண்டி வருகிறது. ஆளுக்கு இன்னொரு இணைப்பு கேட்டுக் கையை நீட்டுகின்றன. குளத்தில் தண்ணீர் இல்லை. கொடுக்கக்கூடிய பத்துப் பேரும் கேட்டு நிற்கும் அதே பத்துப் பேர். சர்வர் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்வதற்காக வைத்த ஏற்பாடே சர்வரைக் கொல்கிறது. அதுவும் ஆபத்து அதிகமாகி, அலெர்ட் அதிகமாக எழும் நேரம் பார்த்துக் கொல்கிறது. சாதாரண நாளில் சோதித்தால் ஒன்றும் ஆகாது.

பூட்டு விவகாரம் இன்னும் சுவாரஸ்யம். வெளி டிரான்சாக்ஷன் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்திப் பூட்டிவைத்திருக்கிறது. உள்ளே பிறந்த புது டிரான்சாக்ஷன் அதே வரியைத் தொடப் போகிறது. பூட்டு திறக்கக் காத்திருக்கிறது. திறக்க வேண்டியவர் வெளியே சஸ்பெண்டில், உள்ளே போனவர் திரும்பி வரக் காத்திருக்கிறார். டேட்டாபேஸில் இழுபறியைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளர் ஒருவர் உண்டு. அவர் வந்து பார்த்தால் ஒருவர்தான் காத்திருப்பதாகத் தெரியும். மற்றவர் ஜாவா பக்கத்தில் காத்திருப்பது அவர் சரகத்துக்கு வெளியே. எல்லை தாண்டிய கேஸ் என்று அவர் போய்விடுவார். ஜேபாஸ் என்ற ஜாவா சர்வரில் டிரான்சாக்ஷன் காலக்கெடு இயல்பாக 300 வினாடி. ஐந்து நிமிடம் தன்னைத் தானே முறைத்துக்கொண்டு நின்ற பிறகு விடுதலை.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு ஏன் தனி டிரான்சாக்ஷன் வேண்டும் என்றார்கள்? சகிக்காமல் இருந்தவர்கள் பட்ட பாடு அப்படி. 2000-களில் கண்காணிப்பு மென்பொருள்கள் பலவற்றை ஜாவாவில்தான் எழுதினார்கள். ஆயிரம் சர்வர்களிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் அளவுகள் வந்து கொட்டும். சிபியு 90 சதவீதத்தைத் தாண்டியதா, டிஸ்கில் காலியிடம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனதா என்று நிபந்தனைகள். நிறைவேறிய நிபந்தனைகளை மூட்டை கட்டி, ஜாவாவின் சேதி வரிசையான ஜேஎம்எஸ்ஸில் ஒரு சேதி. 2001-இல் ஈஜேபி 2.0 கொண்டுவந்த மெசேஜ் டிரிவன் பீன் அதை எடுத்து அலெர்ட் ஆக்க வேண்டும். ஒரு சேதியில் 300 நிபந்தனை. மொத்தமும் ஒரே டிரான்சாக்ஷன், ஏனென்றால் அப்படித்தான் வேகம் என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள்.

முதல் 216 ஒழுங்காகப் போகின்றன. 217-ஆவது நிபந்தனை, போன வாரம் யாரோ கழற்றி எடுத்துப்போன சர்வரைப் பற்றியது. நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். கன்டெய்னருக்கு அது சிஸ்டம் எக்ஸெப்ஷன். கேள்வியே இல்லை, ரோல்பேக். 216 அலெர்ட்டும் நடக்கவே இல்லை. சேதி வரிசைக்கே திரும்பிப் போகிறது. வரிசை அதை மறுபடி கொடுக்கிறது. மறுபடி 216 நல்லபடியாகப் போய், மறுபடி 217-இல் தலைகுப்புற. பத்துத் தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு டெட் லெட்டர் வரிசையில் போடுவது ஜேபாஸ் வழக்கம். அந்த வரிசையை யாரும் திறந்து பார்க்காதது மற்றவர்கள் வழக்கம்.

இதற்கு நடுவில் ஒரு அழகு. மெயிலை ரோல்பேக் செய்ய முடியாது. எஸ்எம்டிபிக்கு ஆசிட் வாடையே ஆகாது; போனது போனதுதான். ஆகவே நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் மெயில் அனுப்பும் வரியும் அந்த வளையத்துக்குள்ளேயே இருந்தால், பத்துத் தடவைக்கு 216 வீதம் 2,160 மெயில். ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்-காலில் இருப்பவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறக்கிறார். மெயில் பெட்டியில் ஊரே எரிகிறது. கண்காணிப்புத் திரையைத் திறந்தால் பச்சைப் பசேலென்று ‘எச்சரிக்கை ஏதுமில்லை’. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது சத்தியம். அவர் மெயிலை நம்பாமல் திரையை நம்பிப் படுத்துவிடுவார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன்; தூக்கம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் உண்மையும் சாயும்.

மருந்து என்னவோ எளிது. வளையம் வெளியே, டிரான்சாக்ஷன் இல்லாமல் சுற்றட்டும். ஒவ்வொரு நிபந்தனையும் தன் சொந்த டிரான்சாக்ஷனில். 217 செத்தால் 217 மட்டும் சாகட்டும். 218 தன் வேலையைப் பார்க்கட்டும். வெளியே டிரான்சாக்ஷன் இல்லாததால் இணைப்புக் குளத்துச் சண்டையும் இல்லை.

அலாரம் மற்றவற்றோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று வட அமெரிக்கா முழுக்கப் பார்த்த நாள் ஒன்று உண்டு. ஜாவாவும் இல்லை, டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனும் இல்லை. நோய் மட்டும் இதேதான். 2003 ஆகஸ்ட் 14. ஒஹாயோவின் ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனம். கட்டுப்பாட்டு அறையில் ஜிஇ தயாரிப்பான எக்ஸ்ஏ/21 மென்பொருள். மதியம் 2:14-க்குப் பிறகு அலாரம் பகுதி ஒரு நிகழ்வைக் கையில் எடுத்தது. எடுத்தது எடுத்தபடியே நின்றது. ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே கணத்தில் எழுதப்போய், அலாரம் முடிவில்லாச் சுற்றில் மாட்டிக்கொண்டதாக வாரக்கணக்கில் தோண்டிய பிறகுதான் தெரிந்தது. அலாரம் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டியது யார்? அலாரம்தான். அது சொல்லவில்லை.

அறையில் இருந்தவர்கள் அலாரம் அடிக்கவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று நினைத்தார்கள். 2:32-க்குப் பக்கத்து நிறுவனமான ஏஇபி போன் போட்டு, உங்கள் பக்கம் ஒரு 345 கிலோவோல்ட் லைன் விழுந்து எழுந்ததே என்று விசாரித்தது. எங்கள் திரையில் ஒன்றும் இல்லையே என்று பதில். கவனிக்கப்படாத நிகழ்வுகள் பின்னால் குவிந்துகொண்டே போயின. 2:41-க்கு, அலாரம் குடியிருந்த முதன்மை சர்வர் விழுந்தது. ஏற்பாட்டின்படி எல்லாம் மாற்று சர்வருக்குக் குடிபெயர்ந்தன, மாட்டிக்கொண்ட அலாரமும் அப்படியே மூட்டையோடு. 2:54-க்கு மாற்று சர்வரும் விழுந்தது. நொடிகளில் மாறிக்கொண்டிருந்த திரைகள் 59 வினாடிக்கு ஒருமுறை மாற ஆரம்பித்தன.

சர்வர் விழுந்ததும் ஐடி பிரிவுக்குத் தானாகவே பேஜர் போயிற்று. அவர்கள் மும்முரமாக வேலை பார்த்தார்கள். 3:08-க்கு ரீபூட் செய்து முடித்தார்கள். சர்வர் எழுந்துவிட்டது, வேலை முடிந்தது. அலாரமும் எழுந்ததா என்று கட்டுப்பாட்டு அறைக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கோ அலாரம் செத்தது என்றே தெரியாது. அதற்குள் 3:05-க்கே முதல் பெரிய லைன் சூட்டில் தொய்ந்து மரத்தில் முட்டியிருந்தது. நாலு மணி தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் சரிந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் ஐந்து கோடிப் பேர் இருட்டில். நியூயார்க்கில் பாலங்களில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு ஒஹாயோவில் எந்த அலாரத்தையும் ரோல்பேக் செய்யத் தேவைப்படவில்லை. எழுதப்படாததை யார் அழிப்பது?

இந்தப் பக்கம் ஜாவா உலகில் கலகம் மூண்டிருந்தது. 2002-இல் ராட் ஜான்சன் தன் புத்தகத்தில் ஈஜேபியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். புத்தகத்தோடு கொடுத்த நிரலிலிருந்து ஸ்பிரிங் என்ற ஜாவா சட்டகம் பிறந்தது. 2004 மார்ச்சில் 1.0. ஹோம் வேண்டாம், ரிமோட் வேண்டாம், சாதாரண ஜாவா போதும் என்றது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போன இடத்தில் டிரான்சாக்ஷன் குணங்களைப் பார்த்தால் அதே ஆறு பெயர், அதே ஆறு குணம், கூடுதலாக நெஸ்டட் என்று ஏழாவது. சாதாரண ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கு ரோல்பேக், செக்டு எக்ஸெப்ஷனுக்குக் கமிட் என்ற பழைய ஈஜேபி வழக்கமும் அப்படியே. ராஜாவை இறக்கிவிட்டுச் சட்டப்புத்தகத்தை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு பழைய சாபமும் கூடவே வந்தது. ஈஜேபியில் கன்டெய்னர் வாசலில் நின்று டிரான்சாக்ஷன் கொடுக்கும். ஸ்பிரிங்கில் பிராக்ஸி வாசலில் நின்று கொடுக்கும். ஆனால் ஒரே கிளாஸுக்குள் ஒரு செயல்முறை இன்னொன்றை அழைத்தால் வாசல் வழியாக வருவதில்லை. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிறது. வாசலில் நிற்பவருக்குத் தகவலே இல்லை. அலெர்ட் செயல்முறையின் தலையில் ரிக்வயர்ஸ் நியூ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கோட் ரிவ்யூவில் எல்லோரும் அதைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள். புது டிரான்சாக்ஷன் மட்டும் பிறந்திருக்காது. பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது.

இன்னொரு பாத்திரம், நடுவில் எக்ஸெப்ஷனை விழுங்கும் நல்லவர். உள்ளே அலெர்ட் எழுதுகையில் தப்பு வந்தால் வரட்டும், முக்கிய வேலை நிற்கக்கூடாது என்று டிரை-கேட்ச் போட்டுப் பிடிக்கிறார். உள்ளே போனதும் ரிக்வயர்டுதான் என்பதால் இரண்டும் ஒரே டிரான்சாக்ஷன். எக்ஸெப்ஷன் பிராக்ஸியைத் தாண்டி வெளியே வந்த கணமே ‘இது ரோல்பேக்குக்கு மட்டுமே’ என்று நெற்றியில் முத்திரை குத்தியாகிவிட்டது. நல்லவர் எதுவும் தெரியாமல் வேலையை முடித்துக் கமிட் என்கிறார். அன்எக்ஸ்பெக்டட் ரோல்பேக் எக்ஸெப்ஷன் என்று பதில் வருகிறது. முக்கிய வேலையைக் காப்பாற்றப் போய், அதுவும் அலெர்ட்டோடு சேர்ந்து போயிற்று.

சரி, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அலெர்ட்டைத் தனி டிரான்சாக்ஷனில் சரியாகவே எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது நேர்மாறான வியாதி. ‘ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்ற அறிவிப்பைத் தனியாகக் கமிட் செய்தாகிவிட்டது. பின்னாலேயே ஆர்டர் ரோல்பேக். வாடிக்கையாளருக்கு வாழ்த்து போயிருக்கிறது, ஆர்டர் உலகத்தில் இல்லை. தோல்வியைச் சொல்லும் அலெர்ட் முக்கிய வேலைக்கு முன்னாலேயே தனியாகப் பிழைக்க வேண்டும். வெற்றியைச் சொல்வது முக்கிய வேலை கமிட் ஆகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தவர்கள்தான் அதிகம். கமிட் ஆன பிறகு மட்டும் பேசும் கேட்பான்களை ஸ்பிரிங் 2015-இல், 4.2 பதிப்பில், கொண்டுவந்தது. கமிட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் சர்வர் விழுந்தால்? பேச்சு போச்சு. அதற்கும் ஒரு தீர்வு கண்டார்கள். அலெர்ட்டை முக்கிய வேலையின் அதே டிரான்சாக்ஷனில் ஒரு அட்டவணையில் எழுதிவை, இன்னொரு நிரல் வந்து எடுத்து அனுப்பட்டும். அவுட்பாக்ஸ் என்று பெயர். வாயைத் தனியே பிரித்தெடுக்கப் பாடுபட்டதெல்லாம் போக, அதே டிரான்சாக்ஷனுக்குள் மறுபடி அதை ஒட்டிவைத்து, மாநாடுகளில் கைதட்டலும் வாங்கினார்கள்.

டேட்டாபேஸையும் சேதி வரிசையையும் ஒரே கல்யாணத்தில் கட்டிவைக்கலாமே என்பீர்கள். அதற்குத்தான் எக்ஸ்/ஓப்பன் அமைப்பு 1991-இல் எக்ஸ்ஏ என்ற ஏற்பாட்டைச் செய்தது. இரண்டு பேரும் சம்மதம் சொன்ன பிறகு, கணவன் மனைவி என்று அறிவிப்பதற்குள் பாதிரியார் மயங்கி விழுந்தால்? இரண்டு பேரும் பூட்டுகளைப் பிடித்தபடி அப்படியே நிற்பார்கள். பொறுமை இழந்து ஒருவர் தானாக முடிவெடுத்துவிட்டால் அதற்கும் ஜேடிஏவில் ஒரு எக்ஸெப்ஷன் தயார்: ஹியூரிஸ்டிக் மிக்ஸ்டு. மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பெண்ணுக்கு ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம். இதை ஒரு கிளாஸாகவே எழுதி, பெயரும் வைத்து, செயல்முறையின் தலைப்பில் சேர்த்துப் புரோகிராமரை ‘கேட்ச்’ பண்ணச் சொன்ன துணிச்சலை நான் மதிக்கிறேன். பிடித்த பிறகு என்ன செய்வது என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள். பெரும்பாலான மனசாட்சிகள் அதை லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தன.

மீதிக் கதை சொத்துத் தகராறு. 2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. 2017-இல் எண்டர்பிரைஸ் ஜாவாவை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக அறிவித்தது. வீட்டைக் கொடுத்தார்கள், பெயர்ப் பலகையைக் கொடுக்கவில்லை. அதனால் 2020-இல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பெயர்களெல்லாம் ஜகார்த்தா என்று மாறின. உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் உட்கார்ந்து இம்போர்ட் வரிகளைத் திருத்தினார்கள். ரிக்வயர்ஸ் நியூ மட்டும் அந்தப் பழைய ஈஜேபி பெயரோடு நிற்கிறது.

2013-இல் ஜேடிஏ 1.2 தன் பங்குக்கு டிரான்சாக்ஷனல் என்று ஒரு அன்னோட்டேஷன் கொண்டுவந்திருந்தது. ஸ்பிரிங்கிலும் அதே பெயரில் ஒன்று வருடக்கணக்காக இருந்தது. ஒன்றில் எந்த எக்ஸெப்ஷனுக்கு ரோல்பேக் என்பதை ‘ரோல்பேக் ஆன்’ என்று எழுத வேண்டும், மற்றதில் ‘ரோல்பேக் ஃபார்’. இன்றைக்கு எடிட்டரில் அந்தப் பெயரைத் தட்டினால் எந்த வீட்டுப் பிள்ளை வேண்டும் என்று இரண்டு பெயர் கொண்ட ஒரு சின்னப் பட்டியல் விரியும். ஆள் யோசிக்காமல் என்டர் தட்டுவார். அகர வரிசையில் ஜகார்த்தா முதலில் நிற்கிறது.